லூர்தம்மாளின் நாக்கு

சென்ற மாதம் நெய்யாற்றின்கரையில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த, பல் சுத்தம் செய்யும் டெண்டல் ஹைஜீனிஸ்ட்டுகளுக்கு ஒருநாள் வகுப்பு வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவள் என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டது ஷைனி. என்னுடைய கடைசி வருடங்களில் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவள்.

முற்பகல் முழுக்க ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஒரு இளம் டாக்டர் வந்து, நோயாளிகளோடு பேசுவது எப்படி என்று பாடம் எடுத்தார். "சீரியஸா எதாவது கண்டா பேஷன்ட்டிட்ட சொல்லிப் பயப்படுத்தண்டா. பைஸ்டாண்டரைக் கூப்பிட்டுச் சொன்னா போதும்" என்றார். பிள்ளைகள் எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

பைஸ்டாண்டர் என்றால் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையாக வந்தவர். அண்ணனாக இருக்கலாம், மருமகனாக இருக்கலாம், ஆட்டோ ஓட்டி வந்த பக்கத்து வீட்டுக்காரனாகவும் இருக்கலாம்.

நான் எழுந்து, "நோயாளிக்குக் காது கேக்காதா சாறே?" என்று கேட்டேன்.

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்க வைப்பதற்காகக் கேட்கவில்லை. டாக்டரும் சிரித்துக்கொண்டே, "சேச்சி, ப்ராக்டிக்கலா நோக்கணும்" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சாப்பாட்டுக்கும் நிற்கவில்லை. என் கோபத்தைக் கண்டு ஷைனி வாசல்வரை ஓடி வந்து, "என்னத்துக்குச் சேச்சி இவ்வளவு தேஷ்யம்?" என்று கேட்டாள். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற காரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் லில்லிபாய். பாறசாலைக்கு மேற்கே பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். வீட்டில் எல்லாரும் நர்ஸிங்குக்கும் டீச்சர் வேலைக்கும் போனார்கள். எனக்கு நர்ஸிங் சீட் கிடைக்கவில்லை, இது கிடைத்தது. படித்தது திருவனந்தபுரத்தில். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிளாஸ்டர் பல்லில் பழகினோம், பிறகு ஒருவர் வாயில் ஒருவர் பழகினோம், பரீட்சை எழுதினோம். வேலை கிடைத்த பிறகும் என் அம்மாவுக்கு நான் என்ன செய்கிறேன் என்று கடைசிவரை சொல்லத் தெரியவில்லை. கேட்பவர்களிடம் "அவ பல்லாஸ்பத்திரியில உண்டு" என்பாள்.

அம்மாவை ஏன் சொல்ல வேண்டும்? ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கே தெரியாது. "பல்லு கழுவுற சேச்சி" என்பார்கள். க்ளீன் பண்ணினால் பல் இளகிப் போகும் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே என்னிடம் சொல்வார்கள். பல்லை இளக வைப்பது, அதைச் சுற்றி வருடக்கணக்காகக் கல்லைப்போல் இறுகிக் கிடக்கும் அழுக்கு. அதை எடுக்கும்போது, ஏற்கெனவே இளகியது தெரிகிறது, அவ்வளவுதான். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எனக்கு வேலையை உண்மையில் கற்றுக்கொடுத்தவர் ராஜ்மோகன் டாக்டர். எல்லையோரத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் பல் பிரிவுக்கு அவர்தான் தலைவர். நான் கோபமாக எழுதப்போகும் மனிதரைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மை. குரலை உயர்த்த மாட்டார். வாய்க்குள் வைக்கும் கண்ணாடியை வெந்நீரில் காட்டிச் சூடாக்கிவிட்டுத்தான் வைப்பார். குழந்தைகளுக்கு ஊசியைக் காட்டாமல் மறைக்க மாட்டார். "இது கொஞ்சம் வலிக்கும், எறும்பு கடிக்கிற மாதிரி" என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து கருவிகள் வந்த உறையை நோயாளியின் கண்ணெதிரே பிரிக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். ஒருமுறை கரண்ட் இல்லாமல் ஆட்டோகிளேவ் நின்றுபோனபோது, வெளியே நின்றவர்கள் எவ்வளவு சத்தம் போட்டும், அன்றைக்கு ஒரு வாயையும் தொட விடவில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. பல்லைத் தொடுவதற்கு முன்னால் வாயைப் பார்க்க வேண்டும். முதலில் கேள்விகள்: சர்க்கரை உண்டா, இதயத்துக்கு மாத்திரை உண்டா, ரத்தம் இளகுவதற்கு ஏதாவது சாப்பிடுகிறார்களா? பிறகு உதடுகளை மடித்து உள்பக்கம். இரண்டு கன்னங்களின் உள்பக்கம். அண்ணம். நாக்கை வெளியே நீட்டச் சொல்லி, நுனியைத் துணியால் பிடித்து, ஒரு பக்கம் இழுத்து ஓரத்தைப் பார்த்து, மறுபக்கம் இழுத்துப் பார்த்து, கடைசியில் தூக்கச் சொல்லி அடிப்பக்கம். சந்தேகம் உள்ள இடத்தை விரலால் தொட்டு, அடியில் கட்டி உண்டா என்று பார்க்க வேண்டும். தாடைக்குக் கீழே கழுத்திலும் தடவ வேண்டும். அதற்குப் பிறகுதான் பல்லில் இறுகியதை எடுக்கும் ஸ்கேலரைக் கையில் எடுக்கலாம். ஸ்கேலரின் முனையை ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது, அழுத்தவும் கூடாது. அது தடவிக்கொண்டே போக வேண்டும், தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். "பல்லுக்கு அவசரம் ஒண்ணுமில்ல லில்லி, வாய நோக்கு" என்பார். நான் கண்டதை அவரிடம் சொல்ல வேண்டும். நோய்க்குப் பெயர் சொல்வது அவர் வேலை. அந்தக் கோட்டை நான் ஒருநாளும் தாண்டியதில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு வழக்கம். கெட்ட செய்தி என்றால் நோயாளியை வெளியே உட்கார வைத்துவிடுவார். "பைஸ்டாண்டரைக் கூப்பிடு" என்பார். கதவு சாத்தப்படும். வெளியே பெஞ்சில் நோயாளி கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு ஆரம்பத்தில் அது இரக்கம் என்றே தோன்றியது.

லூர்தம்மாள் பொழியூரிலிருந்து வந்தாள். ஐம்பதைத் தாண்டியிருக்கும். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. விடியும் முன்னே கடற்கரையில் லேலம் விளித்து, அதாவது ஏலம் கேட்டு, மீன் எடுத்து, சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக விற்று, இரண்டு பெண்களைப் படிக்க வைத்தவள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. இளையவள் அஞ்சுவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கடல் வீட்டு முற்றம்வரை வந்தபோது, அரசு தரும் புதுவீட்டை ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி வாங்கியவளும் அவள்தான். வாயில் எப்போதும் வெற்றிலையும் புகையிலையும். முதல்நாளே என்னிடம், "மகளுக்கக் கெட்டு வருது சிஸ்டரே. போட்டோவில எனக்க பல்லு கறுப்பாத் தெரியப்பிடாது. வெளுப்பிச்சுத் தரணும்" என்றாள்.

நான் வாயைப் பார்த்தேன். நாக்கின் இடது ஓரத்தில், பின்னால், உடைந்த கடைவாய்ப் பல்லுக்கு நேராக ஒரு புண். ஓரங்கள் தடித்திருந்தன. தொட்டபோது அடியில் கெட்டியாக இருந்தது.

"இது எப்ப வந்தது அக்கா?"

"அது பல்லு குத்தினதாக்கும். வரும், போவும். இப்ப போவாம நிக்குது."

நான் ஸ்கேலரை எடுக்கவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே எழுந்து வந்தார். பார்த்தார், தொட்டார், கழுத்தைத் தடவினார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஒரு சின்ன டெஸ்ட் வேண்டும் என்று மட்டும் சொல்லித் திருவனந்தபுரத்துக்கு எழுதிக்கொடுத்தார். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

டெஸ்ட்டுக்கு அவளைக் கூட்டிப்போனது அண்ணன் சூசை. முடிவை வாங்கி வந்ததும் சூசைதான், தனியாக. டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டார். சூசை போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நாம சந்தேகப்பட்டது தன்னே. ஆரம்பமாக்கும். ஓப்பரேஷன் செய்தா ரட்சப்படும்."

"அவங்களிட்ட எப்ப சொல்லுது சாறே?"

"அண்ணன் சொல்லண்டாம்னு சொல்லுது. அந்தக் கொச்சுக்குக் கல்யாணம் கழியட்டும். மாப்பிள வீட்டில அறிஞ்சா அது முடங்கும். பின்ன, இவங்க தாங்க மாட்டாங்க. நீ ஒண்ணும் பறயண்டா, கேட்டோ."

கல்யாணம் ஈஸ்டர் கழிந்து. அப்போது கிறிஸ்துமஸ்கூட வந்திருக்கவில்லை.

"அதுவரை இது நிக்குமா சாறே?"

அவர் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து உருட்டினார். "நான் அண்ணனிட்ட சொல்லியாச்சு, தாமசிக்கப்பிடாதுன்னு. தீருமானம் குடும்பத்தினுடையது. அவங்க வந்தா நீ மீதி க்ளீனிங் செய்து, வாய் கழுவ மருந்து கொடுத்து, சமாதானமா அனுப்பு."

அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. புற்றுள்ள ஒரு வாயில் பல்லை மினுக்கி, உனக்கு ஒன்றும் இல்லை என்று காட்டி அனுப்ப வேண்டும். அதற்கு என் கை வேண்டும். பல் கழுவுகிறவள் என்று யார் சொன்னாலும் அதுவரை எனக்கு வலித்ததில்லை. அன்றைக்கு வலித்தது.

அவள் வந்தாள், தனியாக. கூட்டம் இல்லாத மதிய நேரம். நாற்காலியில் உட்கார்ந்து, நான் கேட்காமலே வாயைத் திறந்தாள். புண் பெரிதாகியிருந்தது. வாயை மூடிவிட்டுச் சொன்னாள்:

"சிஸ்டரே, எரியுது. லேலத்தில விளிக்க முடியல்ல. அண்ணனிட்ட டெஸ்ட்டு என்னாச்சுன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, சத்துக் கொறவாக்கும்'னு சொல்லுதான். ஒரு வைத்தியருக்கக் கஷாயமும் வாங்கித் தந்தான். குடிக்கேன். கொறயல்ல."

நான் கையுறையைக் கழற்றிவிட்டு டாக்டரின் அறைக்குப் போனேன்.

"சாறே, என்னால முடியாது. அவங்களிட்ட சொல்லுங்க."

"லில்லி, இத நாம பேசித் தீர்த்ததாக்கும்."

"நம்ம ரெண்டுபேரும் பேசினோம். அண்ணன் பேசினாரு. அவங்களிட்ட யாரு பேசினா?"

"அவங்க தாங்க மாட்டாங்க."

"கடப்புறத்தில போய்ப் பாருங்க சாறே, அவங்க என்னெல்லாம் தாங்குதாங்கன்னு. கொச்சுப்பிள்ளைக்கு ஊசி குத்தும்னு சொல்லிட்டுத்தானே குத்துவீங்க. இவங்க கொச்சுப்பிள்ளையவிட மோசமா?"

அவர் முகம் சிவந்தது. அதுவரை நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. குரலை உயர்த்தாமலே சொன்னார்: "நோய்க்குப் பேரு சொல்ல உனக்கு அதிகாரம் இல்ல. அத மறக்கண்டா."

இல்லைதான். நான் திரும்பி வந்தேன். நாற்காலிப் பக்கத்தில், பல் தேய்ப்பது எப்படி என்று நோயாளிக்குக் காட்டுவதற்காகப் பிடியுள்ள முகக்கண்ணாடி ஒன்று உண்டு. அதை அவள் கையில் கொடுத்தேன். விளக்கைத் திருப்பினேன். துணியால் நாக்கைப் பிடித்து வலப்பக்கம் இழுத்து, "பாருங்க அக்கா" என்றேன்.

அவள் பார்த்தாள். யாரும் அதுவரை அவளுக்கு அதைக் காட்டியிருக்கவில்லை. வெகுநேரம் பார்த்தாள். நான் நாக்கை விட்ட பிறகும் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

"இது சத்துக் கொறவா?"

"நோய் பேரு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. டெஸ்ட்டு முடிவு டாக்டருக்குத் தெரியும். அது உங்களுக்கதாக்கும். நீங்க கேட்டா அவரு சொல்லணும்."

"அண்ணனுக்கும் தெரியுமா?"

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியை வாங்கி வைத்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. கழுத்தில் கட்டியிருந்த துணியை அவளே அவிழ்த்தாள். செருப்பை மாட்டாமலே நடந்து, கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

"சாறே, எனக்க நாக்கில என்ன?"

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அவர் சொன்னார். நோயின் பெயரையும் சொன்னார். அவள் அழவில்லை.

"வெட்டினா பேச்சு வருமா?"

"வரும். தெளிவு கொஞ்சம் குறையும். பழகினா மனசிலாவும்."

"சாறுக்கு இது எப்பமே தெரியும்?"

அவர் மருந்துச்சீட்டை இழுத்து முன்னால் வைத்தார்.

"கடலுக்குப் போறவன் காத்து மாறுதத பாத்தா பக்கத்து வள்ளத்துக்கு விளிச்சுச் சொல்லுவான், சாறே. சண்டக்காரனுக்க வள்ளமானாலும் சொல்லுவான்." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, எந்த ஆஸ்பத்திரி, யாரைப் பார்க்க வேண்டும், நாளைக்கே போகலாமா என்று வரிசையாகக் கேட்டாள். அவர் எழுதிக்கொடுத்தார். தாங்க மாட்டாள் என்று அவர்கள் இருவரும் முடிவு செய்த பெண் அவள்.

அடுத்து அவள் செய்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஓப்பரேஷனுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு அவளே நேராகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாம் நாள் கல்யாணம் வேண்டாம் என்று ஆள் விட்டார்கள். சூசை பயந்தது சரியாகத்தான் நடந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. வார்டில் அவளைப் பார்க்கப் போனபோது, அஞ்சு என்னிடம் முகம் கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அம்மாவின் நோய் அவளிடமும் மறைக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவள் இழந்தது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். லூர்தம்மாள் கட்டிலில் படுத்துக்கொண்டு, மறுநாள் நாக்கு வெட்டப்படப்போகிறவள், சொன்னாள்: "ஓடுற மாப்பிள கெட்டுக்கு முன்ன ஓடினது நல்லதாக்கும் மக்கா. கெட்டுக்கு அப்பறம் ஓடினா நான் எங்கன பிடிப்பேன்?"

அவள் முழுதாகப் பேசி நான் கேட்ட கடைசிச் சொற்கள் அவைதான்.

சூசை புகார் கொடுத்தான். நான் நோயாளியைப் பயமுறுத்தினேன், ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்தேன் என்று. விசாரணை வைத்தார்கள். நீளமான மேஜை, அதன் ஒரு முனையில் நான். நோயின் பெயரைச் சொன்னாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கண்ணாடியைக் காட்டினாயா என்றார்கள். காட்டினேன், காட்டுவது என் வேலை என்றேன். ராஜ்மோகன் டாக்டரைக் கேட்டார்கள். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "லில்லி நல்ல வேலைக்காரி. அன்றைக்குக் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்" என்றார்.

உணர்ச்சிவசப்பட்டேனாம். நாக்கைப் பிடித்து ஓரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். நான் கண்டபோது "நல்ல கண்ணு" என்று பாராட்டியவரும் அவர்தான். கண்டதை அந்த நாக்குக்கு உரியவளுக்குக் காட்டியபோது மட்டும் அது உணர்ச்சியாகிவிட்டது. அவர் என்னைத் திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். அந்தக் கருணை நிறைந்த வாக்கியத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஒற்றசேகரமங்கலத்துக்கும் கிழக்கே, மலையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ரப்பர் வெட்டுகிறவர்களும் காட்டோரத்துக் குடும்பங்களும் வருவார்கள். அங்கே இருந்த டாக்டர் வயதில் சின்னவள், பெயர் ரம்யா. சேர்ந்த அன்றைக்கே அவளிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். "இவிடெ நமக்கு நோயாளியிட்ட தன்னே சொல்லாம்" என்றாள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

லூர்தம்மாளுக்கு நாக்கில் ஒரு பகுதி போயிற்று, உயிர் நின்றது. பேச்சு குழறும். மறுபடி கடற்கரைக்குப் போனாள். லேலம் விளிக்கும்போது சில பேர் அவளைப்போலப் பேசிக் காட்டினார்களாம். அவள் விரல்களை விரித்து விலை காட்ட ஆரம்பித்தாள். யார் கூடுதல் கேட்டாலும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வள்ளத்துக்கு நடந்தாள். அஞ்சுவுக்குப் பின்னால் வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. எல்லாம் தெரிந்து வந்த குடும்பம். எனக்கும் அழைப்பு வந்தது. போனேன். அஞ்சு என் கையைப் பிடித்தாள். பந்தியில் சூசை எனக்கு எதிரே வந்து, தட்டை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போனான்.

அந்தச் சூசை, நான் ஓய்வு பெறும் வருடம், ஒருநாள் காலையில் மலையோரத்து ஆஸ்பத்திரியில் வந்து நின்றான். பொழியூருக்குப் பக்கத்தில் எத்தனையோ ஆஸ்பத்திரி உண்டு. தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். நான் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தான். பிறகு அடுத்த பஸ்ஸை நினைத்தானோ என்னவோ, நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது என்றான். அவனும் புகையிலை போடுகிறவன்.

நான் அவனிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். சர்க்கரை, பிரஷர், மாத்திரை. கூட வந்தவர் யாராவது வெளியே இருக்கிறார்களா என்றும் கேட்டேன்.

"ஆருமில்ல. வீட்டில சொல்லல்ல." கையிடுக்கில் இருந்த துவர்த்துத் துண்டை முறுக்கினான். "சிஸ்டரே, எதுவா இருந்தாலும் எனக்கிட்ட நேரா சொல்லணும். மறைக்கப்பிடாது. பெண்டாட்டி பிள்ளியளுக்கிட்டயும் சொல்லாண்டாம். எனக்கக் காரியம் நான் பாத்துக்கிடுவேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தான், பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். எனக்கு அவனை எழுப்பி நிறுத்தி நாலு கேள்வி கேட்கத் தோன்றியது.  கையுறையைப் போட்டுக்கொண்டேன்.

"உங்களுக்குள்ளத உங்களிட்டத்தான் சொல்லும். அதாக்கும் முறை" என்றேன். "வாயத் தொறங்க."